கோலில் இருந்த இரண்டு கோடுகள்

துப்பாக்கிப் பட்டறைக்காரன் டார்வின் கோஸ் கேட்டது ஒரே ஓர் எண். அதைச் சொல்ல எல்வுட் ஸ்னூக்குக்கு மூன்று வாரம் போதவில்லை.

எல்வுட்டின் மனைவி வெர்னா இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவள் விட்டுப்போன துப்பாக்கியின் குழாய் வாய் இனி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இப்போது இருப்பது நாற்பது. அதாவது ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் நாற்பது பங்கு அகலம். கொண்டைக்கடலை அளவு ஈய ரவை போகும். வாய் வழியாகவே வெடிமருந்தைக் கொட்டி, ரவையை எண்ணெய்த் துணியில் வைத்துக் கோலால் இடித்து இறக்கி, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் சுடுகிற பழைய பாணி நீளத் துப்பாக்கி அது. அட்டையில் குறி சுட அதற்கு நிகரில்லை. ஆனால் நாற்பதை வைத்துக்கொண்டு மானைச் சுடக் கூடாது என்று பென்சில்வேனியாவில் சட்டம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் கல் துப்பாக்கிப் பருவத்தில் மலையேற வேண்டுமென்றால் வாய் பெரிதாக வேண்டும்.

எல்வுட்டிடம் சொந்தமாக ஓர் ஐம்பது இருக்கிறது. முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டி, பால் கேன் தூக்கித் தூக்கி வலது தோள் கிழிந்து, போன வசந்தத்தில் கத்தி வைத்துத் தைத்தார்கள். அந்த ஐம்பதைத் தோளில் வைத்தால் தையலை நீங்களே மறுபடி பிரித்துக்கொள்வதாகப் பொருள் என்றார் டாக்டர். வெர்னாவின் துப்பாக்கி எடை குறைவு. உதை கிட்டத்தட்ட இல்லை. அதைக் குடைந்து நாற்பத்தைந்து ஆக்கினால் அட்டைக்கும் ஆகும், மானுக்கும் ஆகும், தோளும் தாங்கும்.

கணக்கு இவ்வளவு சுலபமாக இருக்கும்போது மூன்று வாரம் எதற்கு என்று கேட்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். குடைந்த குழாயை மறுபடி சிறிதாக்க முடியாது. வெர்னா சுட்ட வரிகள், குழாயின் உள்ளே ரவையைச் சுழற்றி அனுப்பும் அந்த ஏழு வரிகள், சுருள் சுருளாக டார்வின் பட்டறைத் தரையில் விழும். அதற்கப்புறம் அது யாருடைய துப்பாக்கி? ஆனால் குடையாமல் விட்டால் இன்னொரு ஜனவரி முழுக்க அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். சென்ற இரண்டு ஜனவரியும் அவர் வீட்டில்தான் இருந்தார். குளிர்சாதனப் பெட்டி எந்த நேரத்தில் உறுமும், எந்த நேரத்தில் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மூன்றாவது ஜனவரியைத் தாங்குவோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதில் இன்னொரு வம்பும் இருந்தது. இருபத்தெட்டு வருடம் அந்த வீட்டில் நாற்பதும் ஐம்பதும் சண்டை போட்டன. "நாற்பது குறி பாக்கறவங்களுக்கு, ஐம்பது சத்தம் கேக்கறவங்களுக்கு" என்பாள் வெர்னா. நான் ஒரு தடவை போடுகிற மருந்தில் அவள் மூன்று தடவை சுடுவாள், கஞ்சம் என்பார் எல்வுட். காற்றடித்தால் உன் கடலை ஒதுங்கிப் போகிறது என்பார். உன் தோள் ஒதுங்கப் போகிறது பார் என்பாள். இருவரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான்: நாற்பத்தைந்து என்பது மனசைத் திடப்படுத்திக்கொள்ளத் தெரியாதவர்கள் வாங்குவது. அப்படி வாங்கியவர்களைப் பாறை ஓடைத் துப்பாக்கிச் சங்கத்தில் இருவருமாகச் சேர்ந்து கிண்டலடித்திருக்கிறார்கள். இப்போது டார்வின் நாற்பத்தைந்து என்கிறான்.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை எல்வுட் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு டார்வினின் பட்டறைக்குப் போனார். முடிவெடுத்துவிட்டுப் போனார் என்று சொல்ல முடியாது. அந்த வாரம் விட்டால் கிறிஸ்துமஸுக்குள் நேரமில்லை என்று டார்வின் போனில் சொல்லியிருந்தான்.

இரண்டு வருடமாக அது படுக்கையறை அலமாரியில் அவளுடைய குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் நின்றது. புத்தாண்டுச் சங்கப் போட்டியில் சுட்டுவிட்டு, "கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்" என்று அடுப்போரம் போய் உட்கார்ந்த வெர்னா எழுந்திருக்கவில்லை. தலையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்தாள். சங்கத்தில் மதிப்பெண் எழுதும் நோலாதான் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து எல்வுட் அதைத் தொடவில்லை. சுட்ட குழாயை அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் மருந்துக் கரி துருவாக மாறித் தின்றுவிடும் என்று சங்கத்தில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தொண்டை வற்றப் பாடம் எடுப்பார். தன் மனைவியின் குழாயைத் தின்னவிட்டார். தொட்டால் அழுதுவிடுவோம் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

டார்வின் போர்வையைப் பிரித்தான். துப்பாக்கியை உடனே கிடுக்கியில் பூட்டவில்லை. முதலில் கோலை உருவிக் குழாய்க்குள் இறக்கினான். எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் முதல் வேலை அதுதான். வெர்னா கோலில் பேனாக்கத்தியால் இரண்டு கோடு கீறி வைத்திருந்தாள். குழாய் காலியாக இருந்தால் முதல் கோடு வாயோடு சமமாக நிற்கும். மருந்தும் ரவையும் உள்ளே இருந்தால் கோல் இரண்டு விரல் அகலம் மேலேயே நின்றுவிடும், இரண்டாவது கோடு வாயோடு சேரும்.

கோல் இரண்டு கோட்டிலும் நிற்கவில்லை. நடுவில் நின்றது. காலிக் கோடு வாய்க்கு மேலே ஒரு சுண்டுவிரல் அகலம் எழும்பியிருந்தது.

டார்வின் கோலைத் தூக்கி மறுபடி போட்டான். டொக் என்று மந்தமான சத்தம் வந்தது. அடியில் இரும்பில் பட்டால் கணீரென்று கேட்கும். அவன் எல்வுட்டைப் பார்த்தான். சங்கத்துக்கு வருகிற எவருக்கும் விளக்கத் தேவையில்லாத சங்கதி அது. ரவை இருக்கிறது, மருந்து இல்லை.

"எல்வுட், இத கடைசியா கெட்டிச்சது யாரு?"

"அவதான்" என்றார் எல்வுட். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மருந்து போட மறந்து வெறும் ரவையை இடித்து இறக்குவதைப் போல அசட்டுத்தனம் இந்த விளையாட்டில் வேறில்லை. ஆனால் எல்லோரும் செய்வதுதான். பாறை ஓடைச் சங்கத்தில் அதற்கு ஒரு தண்டனை உண்டு. மணி உதிர்ந்த மக்காச்சோளக் கதிர் ஒன்று, கயிற்றில் கட்டியிருக்கும். மருந்தை மறந்தவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் மறக்கும்வரை, சங்கத்திலும் சாப்பாட்டு மேசையிலும் அது கழுத்தில் தொங்க வேண்டும். எல்வுட் பதினொரு தடவை போட்டிருக்கிறார். வெர்னா இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. அவர் கதிரோடு வீட்டுக்கு வரும் நாளெல்லாம் அவளுக்குத் திருவிழா. "யோவ் கெழவா, சாப்பிடும்போதாவது அத கழட்டி வெய்யி, சூப்புல முங்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கடைசிப் புத்தாண்டன்றும் கதிர் அவர் கழுத்தில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் அதைப் பார்த்தபடி நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து சமையலறை ஆணியில் மாட்டினார். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் போய்ச் சோளக்கதிரை எப்படிக் கேட்பது? சங்கத்தில் அந்த விளையாட்டே நின்றுபோனது.

அவளுடைய அன்றைய அட்டை எல்வுட்டுக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்து சுட வேண்டிய இடத்தில் நாலு ஓட்டை. ஐந்தாவதற்குப் பூஜ்யம் என்று நோலா எழுதியிருந்தாள். எல்லோரும் நினைத்தது போல அவரும் நினைத்தார்: உடம்பு முடியாமல் சுட்டிருக்கிறாள், அட்டையிலேயே படவில்லை. வாழ்நாளில் அட்டையைத் தவறவிடாதவள் கடைசிக் குண்டைத் தவறவிட்டாள் என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் சுடவே இல்லை என்று இப்போது கோல் சொல்கிறது.

கோல் இன்னொன்றும் சொன்னது. அதுதான் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தது. மருந்தும் ரவையும் கெட்டிக்கிறவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. பேச்சில்தான் மருந்து மறக்கும். சுடுதளத்துக்குக் காவல் எல்வுட். விதியை மீறுகிறவர்களை அதட்டுவது அவர் வேலை. அன்றைக்கு வெர்னா ஐந்தாவதைக் கெட்டிக்கும்போது அவர்தான் பக்கத்தில் போய்ப் பேசினார். கழுத்தில் கதிர் தொங்க, "உன் நாற்பதும் வேண்டாம், என் ஐம்பதும் வேண்டாம், சமாதானமா ஒரு நாற்பத்தைந்து வாங்கிக்கலாமா?" என்று சீண்டினார். அவள் பதில் சொல்லவில்லை. விதியை மதிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

இதையெல்லாம் டார்வினிடம் சொன்னார். இரண்டு வருடத்தில் ஒருவரிடம் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் அவர் பேசியதில்லை. கடைசியில் கேட்க வேண்டியதையும் கேட்டார்.

"நான் பேசினதால மறந்தாளா, இல்ல அப்பவே தலைக்குள்ள ஆரம்பிச்சிருச்சா? ஆரம்பிச்சிருந்தா நான் பக்கத்துலயே நின்னுருக்கேன் டார்வின். மூஞ்சியப் பாத்துட்டு நின்னுருக்கேன்."

டார்வினுக்கு நாற்பத்தைந்து வயது. ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாதவன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். "தெரியாது எல்வுட். யாருக்கும் தெரியாது. சும்மாவும் மறப்பாங்க, நான் போன மாசம் ஆள் அரவமே இல்லாம தனியா நின்னு மறந்தேன்" என்றான். பிறகு, "ரவைய எடுத்தாகணும். திருகாணி விட்டு இழுக்கட்டுமா, சுட்டு வெளிய தள்ளட்டுமா?" என்றான்.

திருகாணி விட்டால் ரவையில் ஓட்டை விழும். சுடு என்றார் எல்வுட்.

பட்டறைக்குப் பின்னால் மண்மேடு. முந்தின இரவு விழுந்த பனி கணுக்கால் அளவு கிடந்தது. டார்வின் குழாயின் பக்கவாட்டில் இருந்த துளை வழியாக ஊசி முனையால் சிட்டிகை சிட்டிகையாக மருந்தை உள்ளே தள்ளினான். ரவை அடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று கோலால் இடித்துப் பார்த்தான். வெளியே பொறி விழும் கிண்ணியில் கொஞ்சம் தூவி எல்வுட்டின் கையில் கொடுத்தான். எல்வுட் இடது தோளில் வைத்து மண்மேட்டைப் பார்த்து விசையை இழுத்தார்.

புஸ் என்று கிண்ணி எரிந்தது. பிறகு ஒரு சின்ன டப். சோடா பாட்டில் திறந்தால் இதைவிடப் பலமாகக் கேட்கும். ரவை மண்மேடுவரை போகவில்லை. பதினைந்தடி தள்ளிப் பனியில் தொப்பென்று விழுந்தது.

எல்வுட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, வயிறு குலுங்குகிற சிரிப்பு. வெர்னா ஸ்னூக் மருந்து போட மறந்திருக்கிறாள். பதினொரு தடவை வாங்கிய கிண்டலுக்கெல்லாம் வட்டியோடு திருப்பித் தர இதோ கையில் ஆதாரம். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சிரித்தபடியே இடது பக்கம் திரும்பினார். அவள் எப்போதும் நிற்கும் பக்கம் அது. அங்கே டார்வினின் விறகுக் குவியல் இருந்தது.

சிரிப்பு எப்போது வேறொன்றாக மாறியது என்று டார்வினுக்குத் தெரியவில்லை. அவன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். எல்வுட் தனியாகப் பனியைக் கிளறி ரவையைத் தேடினார். துணி இன்னும் அதைக் கவ்விக்கொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துணி. அவருடைய பழைய பால் லாரிச் சட்டை. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள் வெர்னா. சட்டை கிழிந்தால் பொத்தானைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, துணியை வட்டம் வட்டமாக வெட்டிக்கொள்வாள். ஈரத்தோடு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே டார்வின் விளக்கை விட்டுக் குழாயைப் பார்த்திருந்தான். ஏழு வரியில் நாலு துருவில் போய்விட்டது என்றான். உள்ளே புதுக் குழாய் செருகி நாற்பதாகவே வைக்கலாம், ஆறு மாதம் ஆகும். ஐம்பது வேண்டாம், சுவர் மெலிந்துவிடும், உதைக்கும். இல்லையென்றால் இப்படியே சுவரில் மாட்டிவைக்கலாம், பார்க்க அழகான துப்பாக்கி.

எதைக் காப்பாற்ற வேண்டும் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாரோ அது இரண்டு வருடம் முன்னாலேயே போய்விட்டது. தொடாமல் வைத்ததால் போய்விட்டது. அழுகைக்குப் பயந்து அவர் காத்தது துருவைத்தான்.

"நாற்பத்தைந்து" என்றார். "அவ கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லாத."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் துப்பாக்கி வந்தது. கையில் எடுத்தால் ஒரு கைப்பிடி ஈயம் குறைந்தது போல் இருந்தது. மறுநாள் கழிந்து மலையேறினார். நாலு நாள் ஏறினார். ஹெம்லாக் மரங்களுக்கடியில் கால் மரத்துப்போக நின்றார். ஒரு பெட்டை மான் அறுபது அடியில் வந்து நின்று காதை ஆட்டியது. குறியில் வைத்துவிட்டு, சுட்டால் கறியை யாருக்கு வறுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அது போய்விட்டது. வீட்டில் இருப்பதைவிட மலை பரவாயில்லை. ஆனால் மலையிலும் ஆளில்லை என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. என்ன எதிர்பார்த்தார் என்று அவருக்கே தெரியாது.

புத்தாண்டன்று வெர்னாவின் துப்பாக்கியோடு சங்கத்துக்குப் போனார். வழக்கம் போலப் பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. முப்பது பேர் இருந்தார்கள். எல்வுட் நேராக நோலாவின் மேசைக்குப் போய்ச் சோளக்கதிரையும் நீலத் துணியில் இருந்த ரவையையும் வைத்தார். கோல் நின்ற இடத்தைச் சொன்னார். தான் பேசியதையும் மறைக்காமல் சொன்னார்.

நோலாவுக்கு எழுபது வயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அலமாரியில் இருந்த பழைய அட்டைக்கட்டைப் பிரித்து வெர்னாவின் அட்டையை எடுத்தாள். நாலு ஓட்டை. ஐந்தாவதற்கு எதிரே தான் எழுதிய பூஜ்யத்தை ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"மருந்து போடாத ரவை கணக்குல வராது, சட்டம் அப்படி" என்றாள். "அவளுக்கு இன்னும் ஒரு சுடு பாக்கி இருக்கு எல்வுட். நீதான் சுடணும். அதுவரைக்கும் இது அவளோடது." கதிரை எடுத்து வெர்னாவின் துப்பாக்கிக் குழாயில் மாட்டினாள். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தெட்டு வருடம் காத்திருந்த சிரிப்பு அது. எல்வுட்டும் சிரித்தார்.

அட்டையைக் கொண்டுபோய் இருபத்தைந்து கஜத்தில் மாட்டினார்கள். எல்வுட் சுடுதளத்தில் நின்று கதிரைக் கழற்றிப் பலகையில் வைத்தார். கெட்டிக்கத் தொடங்கியதும் பேச்சு நின்றது. முப்பது பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் விதிப்படி வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். துணியை வைத்தார். ரவையை வைத்தார். கோலால் இடித்தார். கிண்ணியில் தூவினார். குறி பார்த்து இழுத்தார்.

புஸ்.

வேண்டுமென்றே செய்தார் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். நோலாவே அன்றைக்கு அப்படித்தான் நினைத்தாள். உண்மை அதுவல்ல. அந்த அமைதியில் அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். விதியை மீறி ஒரு குரல் பக்கத்திலிருந்து அவரைச் சீண்டும் என்று காத்திருந்தார். காத்திருந்ததில் மருந்து மறந்துபோனது.

நோலா வந்து பலகையிலிருந்த கதிரை எடுத்து அவர் கழுத்தில் போட்டாள். "அவ பத்து நிமிஷம்தான் போட்டிருந்தா" என்றாள். "அதுக்குள்ள உனக்குப் பொறுக்கல." பிறகு ரவையைத் துளை வழியே மருந்து தள்ளி வெளியேற்றி, குழாயைத் துடைத்து, மறுபடி கெட்டித்து, எல்வுட் ஐந்தாவதைச் சுட்டார். அட்டையின் கீழ் ஓரத்தில் பட்டது. மற்ற நாலு ஓட்டையும் ஒரு காலணா வட்டத்துக்குள் நெருங்கியிருக்க, இது மட்டும் தூரத்தில், அளவில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மூன்று மதிப்பெண் என்று எழுதி நோலா அட்டையை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் குழாயைக் கழுவினார். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து எண்ணெய் விட்டார். சங்கத்தில் கட்டிக்கொடுத்த இறைச்சியையும் முட்டைக்கோசையும் சூடுபண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். குனிந்தபோது கதிரின் நுனி சாற்றில் நனைந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். கழற்றச் சொல்ல ஆளில்லை. கழற்றாமலே சாப்பிட்டு முடித்தார்.